பங்குனி ஒண்ணாந் தேதி, வாசற்படியில் பூ: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில், பங்குனி முதல் தேதியன்று கர்வால் மலையில் என் சம்பந்தி வீட்டில் கழிந்த ஒரு நாளைப் பற்றி எழுதியிருந்தேன். விடியலில் ‘பூல் தேயி’ என்கிற பூத் திருவிழா, பகலில் மலையேற்றம், மாலையில் அடுப்படி. ஒரு நாள்தான். அதற்கு வந்த கடிதங்களைப் படிக்கவே எனக்கு நாலு நாள் ஆயிற்று. புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் காங்கேயத்துக்காரி, 32 வருடம் மனையியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். மகனுக்கு டேராடூனில் வேலை. மருமகளுக்குச் சொந்த ஊர் உத்தராகண்டில் ருத்ரபிரயாக் மாவட்டம், ஊக்கிமட் பக்கத்தில் ஒரு கிராமம். சம்பந்தியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி அரைகுறை, கர்வாலி சுத்தமாக வராது. ஆனால் இரண்டு பேருக்கும் அம்மி அரைக்க வரும்.

பூல் தேயி என்று எழுதியிருந்தீர்கள். நாம் மார்கழியில் வாசலில் பூசணிப்பூ வைக்கிறோமே, அது மாதிரியா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பார்வைக்கு அதேதான். ஒரே ஒரு வித்தியாசம், ஆனால் பெரிய வித்தியாசம். நம்மூரில் அவரவர் வாசலுக்கு அவரவர் சாணிப்பிள்ளையார் பிடித்துப் பூ வைக்கிறோம். அங்கே உங்கள் வாசலுக்குப் பூ வைப்பது ஊர்ப் பிள்ளைகள். வீட்டுக்காரி கதவைத் திறந்து நின்றால் போதும்.

தேயி என்றால் வாசற்படி. அன்று காலை ஆறரை மணி இருக்கும். நான் போர்வைக்குள் முடங்கிக் கிடந்தேன். வெளியே நாய் குரைத்தது, பிறகு சின்னக் குரல்கள். எழுந்து போனால் ஏழு பிள்ளைகள். மூத்தது பத்து வயது இருக்கும், கடைசி ஒரு வாண்டு, மூக்கு ஒழுகிக்கொண்டு. ஆளுக்கு ஒரு கூடை. ரிங்கால் என்று மலையில் வளரும் மெல்லிய மூங்கிலில் பின்னியது, பூல்கண்டி என்பார்கள். முதல் நாள் சாயங்காலமே பறித்த பூவென்றால் கூடையை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள், வெளியிலேயே பனியில் தொங்கவிடுவார்கள். வண்டு வாய் வைக்காத பூவாக இருக்க வேண்டுமாம். எச்சில் படாத பூ. நம் பாட்டிமார் நைவேத்தியத்துக்குச் சொன்ன அதே கணக்கு.

கூடைக்குள் ஃப்யோன்லி என்ற மஞ்சள் பூ, சிவப்புப் புராஞ்ச், கடுகுப்பூ, சர்க்கரை பாதாமி (ஆப்ரிகாட்) மரத்தின் வெளுத்த ரோஜாநிறப் பூ. படியில் பூவைத் தூவிவிட்டு ஒன்றாகப் பாடினார்கள். மருமகள் பக்கத்தில் நின்று பொருள் சொன்னாள்: பூ வாசலே, பொறுத்துக்கொள்ளும் வாசலே, இந்த வீட்டுத் தானியப் பெட்டி நிறையட்டும், இந்தப் படிக்கு மறுபடி மறுபடி வணக்கம். சம்பந்தியம்மா ஒவ்வொரு கூடையிலும் ஒரு பிடி அரிசி, ஒரு துண்டு வெல்லம், ஒரு நாணயம் போட்டார். யாரும் கை நீட்டவில்லை. வாழ்த்த வந்தவர்கள் அவர்கள், நாம்தான் வாங்கிக்கொள்கிறவர்கள்.

சில ஊரில் இது ஒரு நாள். எங்கள் சம்பந்தி ஊரில் எட்டு நாள். இன்னும் சில ஊரில் மாதம் முழுக்கவும் நடக்கும். அந்தப் பக்கத்தில் கோகா என்று பிள்ளைகளுக்கே உரிய ஒரு சாமி உண்டு, சின்னப் பல்லக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். கடைசி நாள் சேர்ந்த அரிசியைப் பிள்ளைகளே கூடி ஆக்கிச் சாமிக்குப் படைத்துச் சாப்பிடுவார்கள். மாநிலத்தின் கிழக்குப் பகுதியான குமாவுன் பக்கம் அந்த அரிசியை மாவாக்கி நெய்யும் வெல்லமும் போட்டுச் ‘சை’ என்று கிளறுவது வழக்கம். நான் ஒரு நாள்தான் இருந்தேன், கோகா சோறு தின்னக் கொடுத்துவைக்கவில்லை.

பங்குனி முதல் நாள் எங்களுக்குக் காரடையான் நோன்பு. அதே நாளில் அங்கே பூத் திருவிழா என்கிறீர்களே, தற்செயலா? (கும்பகோணம் வாசகி)

தற்செயல் இல்லை அம்மா. சூரியன் மீன ராசிக்குள் நுழைகிற நாள்தான் நமக்குப் பங்குனி பிறப்பு, மார்ச் 14 அல்லது 15. கர்வாலிலும் குமாவுனிலும் ஊர்க் கணக்கு சூரியக் கணக்குதான். தேதியை ‘கதே’ என்பார்கள். அன்று அவர்களுக்குச் சைத் மாதம் ஒண்ணாம் கதே. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சைத், பெயரில் நம் சித்திரை. நாளில் நம் பங்குனி. நம் சித்திரை பிறக்கும் அன்று அவர்களுக்கு வைசாகம் பிறக்கிறது. இதைச் சம்பந்தியம்மாவுக்கு விளக்கக் காலண்டரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போராடினேன். கடைசியில் அவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: “சூரஜ் ஒன்றுதானே!”

எங்கள் வீட்டில் நோன்பு வழக்கம் இல்லை. ஆனால் பள்ளியில் கணக்கு டீச்சர் வருடா வருடம் வெல்ல அடையும் உப்படையும் வெண்ணெயோடு டப்பாவில் கொண்டுவந்து தருவார். அன்று மலையில் அந்த டப்பா ஞாபகம் வந்தது உண்மை.

துங்கநாத் தரிசனம் ஆயிற்றா? (வாசகர், மயிலாடுதுறை)

இல்லை. 3,680 மீட்டர் உயரத்தில் இருக்கிற கோயில், மார்ச்சில் பனிக்குள் கிடக்கும். தீபாவளியை ஒட்டி நடை சாத்தினால் மறுபடி திறக்கச் சித்திரை ஆகிவிடும். அதுவரை சுவாமி கீழே மக்குமட் கிராமத்தில். அங்கே போய்க் கும்பிட்டுக்கொள்ளலாம்.

புராஞ்ச் பூ என்பது எங்கள் ஊரில் காட்டுப்பூவரசு என்கிறோமே, அதுதானா? சர்பத் போடலாம் என்று எழுதியிருந்தீர்கள், இங்கேயும் பறித்துப் போடலாமா? (குன்னூர்)

அதன் உடன்பிறப்பு. ரோடோடெண்ட்ரான் ஆர்போரியம் என்ற ஒரே இனம். உங்கள் நீலகிரியில் இருப்பது அதன் தனிக் கிளை, நீலகிரியின் பெயரையே தாங்கியது. நீலகிரி, பழனி மலை, ஆனைமலை உச்சிகளில் இருக்கிறது. அப்புறம் இமயமலையில் இருக்கிறது. இடையில் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் சமவெளியில் ஒரு மரம் கிடையாது. பூமி குளிர்ந்திருந்த காலத்தில் பரவி, பிறகு சூடு ஏற ஏற மலை உச்சிகளில் ஒதுங்கிக்கொண்டது என்று தாவரவியலார் காரணம் சொல்கிறார்கள். உத்தராகண்டில் அதுதான் மாநில மரம்.

சர்பத் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே பெண்கள் இதழை மட்டும் கிள்ளி எடுத்து, நடுவில் இருக்கும் நரம்பையும் மகரந்தத் தாளையும் தள்ளிவிட்டு, தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்துச் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்க்கிறார்கள். குடித்தால் லேசான துவர்ப்பு, பின்னால் புளிப்பு. நன்றாக இருந்தது, ஆனால் நன்னாரிக்கு ஈடு என்று என்னால் சொல்ல முடியாது, மன்னிக்கவும்.

நீங்கள் பறிக்க வேண்டாம். நீலகிரியில் அது காப்புக்காடு, சோலை மரம், கொஞ்சம்தான் மிச்சம். தவிர, ரோடோடெண்ட்ரான் வகையில் நஞ்சுள்ளவை பல உண்டு. மலையிலேயே மேலே போனால் வெளிர் நிறப் பூவோடு வேறு சாதி வருகிறது, அதை அவர்கள் தொடுவதில்லை. எந்தப் பூவைத் தின்னலாம் என்பது தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது. பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்வதல்ல, நான் எழுதியதே ஆனாலும்.

எனக்கு 58 வயது, முழங்கால் வலி. நீங்கள் ஏறின ஏரிக்கு என்னால் ஏற முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள். (சேலம் வாசகர்)

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு 61. இடது முழங்காலில் தேய்மானம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். ஏறுவது சிரமம் இல்லை. இறங்குவதுதான் சிரமம்.

தேவரியா தால் என்பது அந்த ஏரி. சாரி என்ற கிராமத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை, மூன்று கிலோமீட்டர். சாரி 2,000 மீட்டர், ஏரி 2,400 சொச்சம். அதாவது 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சென்னிமலைக்கு 1,320 படி; அதை ஏறி முடித்தபிறகு அங்கேயே இன்னொரு சென்னிமலை இருந்து, அதையும் ஏறினால் எப்படி, அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை முழுக்கக் கல் பாவியது. இளவட்டங்கள் ஒரு மணி நேரத்தில் போகிறார்கள். நான் இரண்டேகால் மணி நேரம். வழியில் ஒரு பழைய சிவன் கோயில், அங்கே கால் மணி நேரம் உட்கார்ந்தேன். பக்தியும் உண்டு, மூச்சும் வாங்கியது.

நான் செய்த தப்புகளைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். முதல் தப்பு, காலணி. பள்ளி விளையாட்டு விழாவுக்கு வாங்கிய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். இறங்கும்போது ஈரக் கல்லில் வழுக்கியது. இரண்டாவது தப்பு, வழுக்கியதும் பக்கத்தில் தழைத்திருந்த செடியைக் கெட்டியாகப் பிடித்தேன். அது கண்டாலி. நம்மூர்ச் செந்தட்டி மாதிரி, ஆனால் அதற்கு அண்ணன். உள்ளங்கை முழுக்க ஆயிரம் குளவி கொட்டியது போல. மருமகள் முதலில் பதறினாள், அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டாள். சாயங்காலம் சம்பந்தியம்மா அதே செடியின் கொழுந்தை இடுக்கியால் பறித்து, வேகவைத்து, கடைந்து எனக்கே பரிமாறினார். வெந்துவிட்டால் சுணை போய்விடும். கீரை அருமையாக இருந்தது. பழி வாங்கின திருப்தியோடு சாப்பிட்டேன்.

ஏரியைப் பற்றிக் கேட்கிறீர்களா? சௌகம்பா என்ற 7,138 மீட்டர்ச் சிகரம் அந்தத் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும், படங்களில் பார்த்திருப்பீர்கள். அது காலை வேளைக் காட்சி. நாங்கள் பூத் திருவிழா முடித்து, ரொட்டி கட்டிக்கொண்டு, போய்ச் சேரும்போது பதினொன்றரை. காற்று கிளம்பிவிட்டது, தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக ஓடியது, சிகரத்தில் பாதியை மேகம் மூடியிருந்தது. எனக்கு ஏமாற்றம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பிம்பம் வேண்டுமென்றால் முதல் நாளே மேலே போய்த் தங்க வேண்டும்.

பாண்டவர்களிடம் யட்சன் கேள்வி கேட்டது இந்தக் குளக்கரையில்தான் என்று ஊரார் நம்புகிறார்கள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் தண்ணீர் குடித்த நாலு தம்பிகள் செத்து விழுந்தார்களே, அந்தக் குளம். எனக்கோ நாக்கு வறண்டிருந்தது. கேள்வி-பதில் பகுதி எழுதுகிறவள் என்பதால் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பாட்டில் தண்ணீரைக் குடித்தேன்.

ஆக, உங்களுக்கு என் பதில்: கைக்கு ஒரு தடி, காலுக்கு அடிப்பாகம் பிடிக்கிற ஷூ, கூட அவசரப்படாத ஒருவர். இந்த மூன்றும் இருந்தால் ஏறலாம். முந்தின வாரம் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறல், தலைவலி எல்லாம் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தொந்தரவு செய்யும், இது அதற்குக் கீழே.

பாங்கு விதைச் சட்னி சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். போதை ஏறவில்லையா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மதுரை வாசகர்)

இல்லை. பாங்கு என்பது கஞ்சாச் செடிதான், ஆனால் போதை இலையிலும் பூவிலும் இருக்கிறது. விதையைத் தின்று யாருக்கும் தலை சுற்றாது. வெறும் வாணலியில் வறுத்து, பச்சைமிளகாய், உப்பு, எலுமிச்சை வைத்து அரைத்தால் எள்ளுத் துவையலுக்கும் பொட்டுக்கடலைச் சட்னிக்கும் நடுவில் ஒரு ருசி. ஏமாற்றத்துக்கு வருந்துகிறேன்.

இமயமலைச் சமையல் என்றால் வேறு ஏதோ உலகம் என்று நினைத்தேன். நீங்கள் “எல்லாம் நம் வீட்டுச் சாமான்தான்” என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். விரிவாகச் சொல்லுங்கள், ஒரு செய்முறையோடு. (பொள்ளாச்சி வாசகி)

இதற்காகத்தான் இந்தப் பகுதியையே எழுத உட்கார்ந்தேன்.

அடுக்களைக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் வேலை டப்பாக்களைத் திறந்து பார்ப்பது. ஆசிரியைப் புத்தி. மண்டுவா என்றார்கள், திறந்தால் கேழ்வரகு மாவு. ஜங்கோரா என்றார்கள், திறந்தால் குதிரைவாலி. கஹத் என்றார்கள், திறந்தால் கொள்ளு! கொங்கு நாட்டில் பிறந்த எனக்குக் கொள்ளைக் காட்டி “இது மலையில் மட்டும் விளையும், உடம்புக்குச் சூடு” என்று சம்பந்தியம்மா விளக்குகிறார். நான் தலையாட்டிக்கொண்டே நிற்கிறேன். மருமகளுக்கு விஷயம் தெரியும், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நாலாவது டப்பாவில் கடுகு மாதிரி, ஆனால் கடுகைவிடச் சின்னதாய், கருப்பும் பழுப்புமாக ஒரு விதை. ஜக்கியா என்றார்கள். எண்ணெயில் போட்டால் கடுகு மாதிரி வெடித்துச் சிதறாது, படபடவென்று பொரிந்து அப்படியே நிற்கும். பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையும். இது என்ன என்று வெகுநேரம் மண்டையைக் குடைந்தேன். கடைசியில் மருமகள் செடியின் படத்தைப் போனில் காட்டினாள். மஞ்சள் பூ, பிசுபிசு இலை, நீளக் காய். அடக் கடவுளே, நாய்க்கடுகு! நாய்வேளை என்றும் சொல்வோமே. (தைவேளை இல்லை, அதற்கு வெள்ளைப் பூ.) காட்டில் களையெடுக்கும்போது என் ஆத்தா “இதொரு சனியன்” என்று திட்டிக்கொண்டே பிடுங்கி வரப்பில் எறிந்த செடி. அதை இங்கே நெய்யில் தாளித்து உருளைக்கிழங்கின் மேல் கொட்டுகிறார்கள். ஆத்தா உயிரோடு இருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

யோசித்தால் காரணம் எளிது. படிப்படியாக வெட்டிய சின்ன வயல், வானம் பார்த்த பூமி, மண் ஆழம் குறைவு. எங்கள் பக்கத்துக் கரட்டு நிலமும் மழையை நம்பினதுதான். தண்ணீர் கேட்காத தானியத்தைத்தான் இரண்டு பேரும் விதைத்திருக்கிறோம். நாம் ரேஷன் அரிசி வந்ததும் அதையெல்லாம் ஏழைச் சோறு என்று தள்ளிவிட்டு, இப்போது பாக்கெட்டில் திருப்பி வாங்குகிறோம். அங்கேயும் அதே கதைதான்; இளம்பிள்ளைகளுக்குக் கேழ்வரகு ரொட்டி பிடிக்காது, நூடுல்ஸ் பிடிக்கும்.

அன்று மதியம் ஏரிக்கரையில் சாப்பிட்டது மண்டுவா ரொட்டியும் ‘பிஸ்யு லூண்’ என்கிற அரைத்த உப்பும். கல்லுப்பு, பூண்டு, பச்சைமிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் பாங்கு விதை, எல்லாவற்றையும் அம்மியில் வைத்து ஓட்டியது. பச்சை முள்ளங்கியைத் தொட்டுத் தின்றோம். அன்றைய சாப்பாட்டில் எனக்கு முதல் பரிசு அதற்குத்தான்.

செய்முறை கேட்டீர்கள். ஃபாணு சொல்கிறேன், அது கொள்ளு. ஒரு ஆழாக்குக் கொள்ளை முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, நாலு பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு பச்சைமிளகாயோடு கொரகொரப்பாக அரைக்கவும். மிக்ஸியில் ஓட்டினாலும் மைய விட்டுவிடாதீர்கள். விழுதில் கால் பங்கை எடுத்து உப்புப் போட்டு, தோசைக்கல்லில் சின்ன அடைகளாகத் தட்டிச் சுட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு வாணலியில் கடுகெண்ணெய் காய்ந்ததும் ஜக்கியா, காய்ந்த மிளகாய், கொஞ்சம் பெருங்காயம். மீதி விழுதைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மஞ்சள், மல்லித்தூள், உப்பு. இனிமேல்தான் வேலை. அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே, சின்னத் தீயில் குறைந்தது முக்கால் மணி நேரம். இரும்பில் வேகவேகக் கறுத்து வரும், அதுதான் பதம். கடைசியில் அடைகளை உடைத்துப் போட்டு ஒரு கொதி. சூடான சோற்றில் நெய்யோடு. ஜக்கியா கிடைக்காவிட்டால் சீரகம் போடுங்கள். வரப்பில் பிடுங்கிக்கொண்டு வந்து போட்டால் நான் பொறுப்பல்ல. காயவைத்துப் புடைத்துச் சுத்தம் செய்யத் தெரிய வேண்டும்.

அடுப்புக் கணக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். சம்பந்தி வீடு 1,800 மீட்டர். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பி இறக்கினால் பயறு கல்லாக இருக்கும். அதனால்தான் அவர்கள் முழுப்பயறை அப்படியே போடாமல் ஊறவைத்து அரைத்து வேகவைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. பாடப்புத்தகத்தில் வருடா வருடம் நடத்திய விஷயம், பாத்திரத்தில் பார்த்தது அன்றுதான்.

பதிலுக்கு நான் கொள்ளுப் பருப்புக் கடைந்தேன். குக்கரில் ஐந்து விசில் கூடுதல். வேகவைத்த தண்ணீரில் ரசம். சம்பந்தியம்மா ரசத்தை டம்ளரில் வாங்கி மூன்று தடவை குடித்தார். சிறுநீரகக் கல்லுக்கு அவர்களும் கொள்ளுத் தண்ணியைத்தான் கொடுப்பார்களாம். அந்தக் காலத்தில் பாறையைச் சுடவைத்துக் கொள்ளுத் தண்ணி ஊற்றிப் பிளந்து வழி போட்டார்கள் என்றும் ஒரு கதை சொன்னார். கல்லையே கரைக்கிற பயறு உன் வயிற்றுக் கல்லைக் கரைக்காதா என்பது வாதம்.

இனிப்புக்கு அர்சா. ஊறின அரிசியை இடித்து, வெல்லப் பாகில் போட்டுப் பிசைந்து, தட்டி எண்ணெயில் பொரிப்பது. ஆமாம், அதிரசம். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது கூடை கூடையாக இதைத்தான் கூட அனுப்புவார்கள். சங்கரரோடு தெற்கிலிருந்து வந்தவர்கள் கற்றுக்கொடுத்தது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. பத்ரிநாத் ராவல், அதாவது தலைமைப் பூசாரி, கேரளத்து நம்பூதிரி, கேதார்நாத் ராவல் கர்நாடகத்து வீரசைவர், ஆகவே தெற்குத் தொடர்பு பொய்யில்லை. ஆனால் அரிசியும் வெல்லமும் இருக்கிற ஊரில் ஒரு பாட்டி தானே கண்டுபிடிக்க மாட்டாளா? பாகு பதம் பார்க்க அவரும் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பூ பார்க்கவேண்டுமென்றால் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகாமல் யாராவது கிராமத்து வாசற்படியைப் பார்க்கப் போவார்களா? (சென்னை, வயது 24 என்று குறிப்பிட்டிருக்கிறார்)

தம்பி, போய் வாருங்கள், யார் வேண்டாம் என்றது. ஜூன் முதல் தேதி திறந்து அக்டோபர் கடைசியில் மூடுவார்கள். பூ உச்சத்தில் இருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. அதாவது மண்சரிவு உச்சத்தில் இருக்கும் அதே அடைமழை மாதம். கோவிந்த்காட் தாண்டிப் புல்னா வரை வண்டி, அங்கிருந்து காங்கரியா வரை பத்து கிலோமீட்டர் நடை, மறுநாள் பள்ளத்தாக்கு. உள்ளே இரவு தங்க விடமாட்டார்கள். 1931-இல் காமேட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத் வழி தவறி அங்கே இறங்கிய பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1982-இல் தேசியப் பூங்கா, 2005-இல் யுனெஸ்கோ பட்டியல். 1939-இல் பூ சேகரிக்க வந்து பாறையில் வழுக்கி இறந்த மார்கரெட் லெக் என்ற பெண்ணின் கல்லறையும் உள்ளே இருக்கிறது. அந்தக் கல்லறைக்காகவாவது எனக்கு ஒரு தடவை போக ஆசைதான்.

ஆனால் அங்கே நீங்கள் பூவைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். சம்பந்தி வீட்டு வாசலில் பூ என்னைத் தேடி வந்தது. இது வேறு.

குழந்தைகளை விட்டுப் பூவைப் பறிக்கச் சொல்வது சரியா? அந்தக் கிராமங்களே காலியாகிக்கொண்டிருக்க, நீங்கள் திருவிழாவைக் கொண்டாடி எழுதுகிறீர்கள். (திருச்சி வாசகர், கொஞ்சம் கோபமாக)

பாதி கோபம் நியாயம். முதல் பாதிக்குப் பதில்: ஒரு கூடைப் பூவால் காடு அழியாது. எந்தப் பூ எந்த மேட்டில் எப்போது மலரும் என்று தெரிந்த பிள்ளை வளர்ந்து அந்த மரத்தை வெட்ட விடமாட்டான். மரத்தைக் கட்டிப் பிடித்து நின்ற சிப்கோ போராட்டம் 1973-இல் தொடங்கியது இதே கர்வாலில்தான். பக்கத்துச் சமோலி மாவட்டத்தில் ரேணி கிராமத்துப் பெண்கள் 1974-இல் கோடரிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாவது பாதிக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளில்லாமல் போய்விட்டதாக மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018-இல் கணக்குக் கொடுத்தது. என் மகனையும் மருமகளையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், டேராடூனில் இருக்கிறார்களே.

சென்ற இதழில் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அன்று காலை பிள்ளைகள் பின்னாலேயே நானும் கொஞ்ச தூரம் போனேன். சம்பந்தி வீட்டுக்கு மேலே நாலாவது வீடு பூட்டு. பூட்டே துருப்பிடித்திருந்தது, முற்றத்தில் முழங்கால் உயரக் கண்டாலி. பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. அந்தப் படியிலும் பூப் போட்டு, முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அரிசி போட ஆளில்லாத வீடு. பெரிய பெண்ணிடம் ஏன் என்று கேட்டேன், மருமகள் மொழிபெயர்த்தாள். “படி இருக்கிறதே” என்றாள் அவள். வேறு விளக்கம் எதுவும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எப்படிப் போவது? (எட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள்)

டெல்லி, அங்கிருந்து ஹரித்வாரோ ரிஷிகேஷோ வரை ரயில். ரிஷிகேஷிலிருந்து தேவப்பிரயாகை, ஸ்ரீநகர் (காஷ்மீரத்து ஸ்ரீநகர் இல்லை, இது கர்வாலில் இருப்பது), ருத்ரபிரயாக், குண்ட் வழியாக ஊக்கிமட். எட்டு மணி நேரம் மலைச்சாலை. வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். தேவப்பிரயாகையில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். பெரியாழ்வார் கண்டமென்னும் கடிநகர் என்று பாடியது அந்த ஊரைத்தான். டாக்சி வாடகையை ஏறும்முன் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஏறும்போது ஒரு கணக்கும் இறங்கும்போது ஒரு கணக்கும் சொன்னார்கள்.

டீச்சர், நீங்கள் அந்தப் பிள்ளைகளின் கூடையில் என்ன போட்டீர்கள்? (ஐந்தாம் வகுப்பு மாணவி, காங்கேயம்)

கண்ணு, நல்ல கேள்வி. நான் ஊரிலிருந்து கருப்பட்டி கொண்டுபோயிருந்தேன். வெல்லம் போடுவார்கள் என்று மருமகள் சொன்னதால், நம் ஊர் வெல்லமாக இருக்கட்டுமே என்று ஆளுக்கு ஒரு துண்டு போட்டேன். அவர்கள் பனைமரத்தையே பார்த்ததில்லை. கறுப்பாக இருந்ததைப் பார்த்து எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் மோந்து பார்த்தாள். ஒரு பையன் அடுப்புக்கரி என்று நினைத்துவிட்டான். அந்த மூக்கொழுகி வாண்டு மட்டும் யாரையும் கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். அப்புறம் கூடையிலிருந்து ஒரு முழுப் புராஞ்ச் கொத்தை எடுத்து என் படியில் இன்னொரு தடவை வைத்துவிட்டுக் கையை நீட்டினான்.